கேமராவுக்கு முன்னால் தீனி வைக்காதீர்கள்

காட்டு விலங்குகளைத் தானியங்கிக் கேமராவில் படம் பிடிக்க ஆசைப்படும் எல்லாருக்கும் சீக்கிரமே ஒரு யோசனை வரும்: எதிரில் கொஞ்சம் தீனி வைத்துப் பார்த்தால் என்ன? செய்யாதவர்கள் குறைவு, செய்யலாம் என்று சொல்பவர்கள் அதிகம். நான் வைக்கவே கூடாது என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூடான ஓர் உடல் முன்னால் நகரும்போது, அதற்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை அந்தக் கேமராவின் சென்சார் உணர்ந்துகொள்கிறது, உடனே படம் எடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நாம் இல்லாத நேரத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுகிறதே, அதற்காகத்தான் அதை மரத்தில் கட்டுகிறோம். தானியத்தைக் குவித்து வைத்துவிட்டால், நாம் இல்லாத இடம் என்று அதை எப்படிச் சொல்வது? மெமரி கார்டைத் திறந்தால் அதே நான்கு பன்றிகள், குனிந்த தலையோடு, படத்துக்குப் படம். அவை எந்தப் பக்கமிருந்து வருகின்றன, எந்த மரத்தில் உடம்பைத் தேய்க்கின்றன, குட்டிகளை எப்படி நடத்திப் போகின்றன என்பதெல்லாம் அதில் இருக்காது. பன்றிகள் கூட்டமாக நிற்கும் இடத்துக்குக் கூச்ச சுபாவமுள்ள சின்ன விலங்குகள் வரவும் வராது.

படம் நன்றாக இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் பெரிய கவலை நோய்.

மான் காட்டில் மேயும்போது இங்கே நாலு இலை, அங்கே ஒரு துளிர் என்று நடந்துகொண்டே தின்னும். குவியல் வைத்தால் பல மான்கள் ஒரே இடத்தில், ஒன்றின் எச்சில் பட்டதையே இன்னொன்று, நாள்கணக்கில் தின்கின்றன. அமெரிக்காவில் மான்களைக் கொல்லும் ஒரு நோய் இருக்கிறது. மூளை சிதைந்து, உடம்பு வற்றி, தள்ளாடிச் சாகும். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனித்தார்கள். மருந்து கிடையாது. பிரியான் என்ற உருக்குலைந்த புரதம்தான் அதற்குக் காரணம். எச்சில், சிறுநீர், சாணம் வழியாக வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தீனியை நிறுத்திவிட்டாலும் அந்த மண் அங்கேயேதான் இருக்கும். மிச்சிகன் மாநிலத்தில் 1994இல் வேட்டையாடப்பட்ட ஒரு மானிடம் மாட்டுக் காசநோய் இருந்தது. பிறகு ஆராய்ந்தபோது, அது அந்த வட்டாரத்துக் காட்டு மான்களிடையே நிலைத்துவிட்டது தெரிந்தது. மான்களுக்குக் குவியல் குவியலாகத் தீனி போட்டு வந்த பழக்கம் அதற்கு முக்கியக் காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். அவை வேட்டைக்காகப் போட்ட தீனிதான். ஆனால் எதற்காகப் போட்டோம் என்பது கிருமிக்குத் தெரியாதே.

நோயே இல்லாவிட்டாலும் தீனியே கொல்லும். குளிர்காலத்தில் மானின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் சுள்ளியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். அந்த நேரத்தில் திடீரென வயிறு நிறைய மக்காச்சோளம் போனால் உள்ளே அமிலம் ஏறி, அந்த மான் செத்தே போகலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2014இல் நான்கு கரடிகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. வேட்டைக்கு இரையாக வைத்திருந்த சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின்தான் விஷமாகியிருந்தது. வைத்தவர் யாரும் கொல்ல நினைத்து வைக்கவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

அப்புறம், தீனியில் நம் கை வாசனை இருக்கிறது. மனித வாசனை வந்தால் விலகிப் போ என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த விலங்குக்கு, அந்த வாசனை வந்தால் சாப்பாடு என்று நாம் கற்றுக்கொடுக்கிறோம். பாடம் படித்த கரடி ஒருநாள் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலுக்குப் போகும். அங்கே அதைச் சுடுவார்கள். படம் எடுத்தவருக்கு அந்தச் செய்தி வந்து சேராது.

"ஆராய்ச்சியாளர்களே இரை வைக்கிறார்களே" என்பார்கள். உண்மைதான், வைக்கிறார்கள். குளிர்நாடுகளில் வாழும், சின்னக் கரடி போலிருக்கும் வால்வரின் என்ற விலங்கு நல்ல உதாரணம். அதன் தொண்டையிலும் மார்பிலும் உள்ள வெளிர்நிறத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அதை வைத்து எது எந்த விலங்கு என்று அடையாளம் காண, அது எழுந்து நின்றால்தான் முடியும். அதற்காக ஒரு கட்டையை நீட்டிவைத்து, மேலே எட்டாதபடி இறைச்சியைத் தொங்கவிட்டு, எதிரில் கேமரா வைக்கிறார்கள். அங்கே ஒரு கேள்வி இருக்கிறது, வேறு வழி இல்லை, அனுமதி வாங்குகிறார்கள், இரை வைத்தோம் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இரையால் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் யோசிக்கிறார்கள். ஒருமுறை ருசி கண்ட விலங்கு திரும்பத் திரும்ப வரும், பயந்த விலங்கு வரவே வராது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணினால் தொகை தப்பாகும். நாம் ஆசைக்குப் படம் எடுப்பவர்கள். நமக்கு அந்தத் தேவையும் இல்லை, அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் புலிகளை எண்ணியபோது நம்பியது, புலிகள் வழக்கமாக நடக்கும் பாதைகளை. வரிகள் புலிக்குப் புலி வேறுபடும், உடலின் இரண்டு பக்கமும் வேறாக இருக்கும் என்பதால் பாதையின் இருபுறமும் கேமரா வைக்கும் முறை வந்தது. காட்டின் மிகக் கூச்சமான விலங்குகளில் ஒன்றையே அதன் வழியிலேயே நின்று எண்ணிவிட முடிகிறது.

வெறும் வாசனை மட்டும் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் காட்டுப்பூனைகளை ஆராய வலேரியன் என்ற செடியின் வேர் வாசனையைப் பயன்படுத்துகிறார்கள். தின்ன எதுவும் இல்லாததால் தீனி அளவுக்குக் கேடு இல்லை. ஆனாலும் வேறொரு விலங்கின் சிறுநீரைத் தெளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று ஒரு விலங்கைப் பதற வைக்கிறோம். உயிருள்ள எலியையோ கோழியையோ கட்டிவைப்பதைப் பற்றி விவாதிக்கவே எனக்கு விருப்பமில்லை.

சரி, தீனி இல்லாமல் எப்படி? காலை நேரத்தில் மெதுவாக நடந்து தரையைப் பாருங்கள். ஈரமண்ணில் காலடி, எச்சம், மரத்தில் நகக்கீறல், வேலிக்கு அடியில் மயிர் ஒட்டிய சந்து, ஓடைக்குக் குறுக்கே விழுந்த மரம், இரண்டு தடங்கள் சேரும் இடம். விழுந்த மரம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கால் நனையாமல் கடக்கச் சின்னதும் பெரியதும் அதில்தான் ஏறும். நடுத்தர விலங்குகளுக்கு முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். பாதைக்குச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வையுங்கள், விலங்கு கூடுதல் நேரம் படச்சட்டத்துக்குள் இருக்கும். சூரியன் நேராக லென்ஸில் விழாமல் திசை பாருங்கள். முன்னால் ஆடும் புல்லை விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் அசையும் புல்லே கார்டை நிரப்பிவிடும். பிறகு சில வாரங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். அடிக்கடி போய்ப் பார்ப்பதுதான் பலருடைய கேமரா காலியாக இருக்கக் காரணம்.

ஏற்கெனவே தீனி வைத்து எடுத்த படங்களை அழிக்கச் சொல்லவில்லை. பகிரும்போது "தீனி வைத்து எடுத்தது" என்று கீழே எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் அந்த விலங்கு இப்படித்தான் வாழ்கிறது, இத்தனை எண்ணிக்கையில் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். குவியல் இன்னும் அங்கே கிடந்தால், மிச்சத்தை அள்ளி எடுத்து வந்துவிடுங்கள். கேமராவை வேறொரு தடத்துக்கு மாற்றுங்கள்.