விழா மேடையில் காமன் கூத்து அடங்காது

இலங்கை மலையகத் தோட்டத் தமிழரின் கலைகளை வளர்க்க அரசு ஆண்டுதோறும் பெருவிழா எடுக்க வேண்டும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. உதவி வேண்டும்தான். ஆனால் விழா என்றால் நகர மண்டபம், பிரமுகர்களின் பேச்சு, கடைசியில் கூத்துக்குப் பதினைந்து நிமிடம். காமன் கூத்தில் அப்போது என்ன மிஞ்சும்? மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றி, வேடம் கட்டுகிறவர்கள் விரதமிருந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் லயமாக ஆடிப்போய், மன்மதன் எரிந்து ரதி புலம்புவது வரை பல நாள் நீளும் சடங்கு அது.

விடிய விடிய ஆடியவர் காலையில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் வேலைப் பதிவில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போச்சு. உடுப்பு, அரிதாரம், தப்புப் பறைக்குத் தோல் எல்லாமே தோட்டத்து மக்கள் சேர்க்கும் காசு. அரசின் பணம் முதலில் அங்கே போகட்டும். தப்படிக்கக் கற்றுத்தரும் பெரியவர்களுக்கு மாதக் கொடுப்பனவு கொடுங்கள். (அன்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் இந்தத் தப்புப் பறைதான். அதை இழிவாகப் பார்க்கும் நம்மவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.)

கண்டிக்கு அருகே ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் தேயிலை இயந்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தொழிலாளரின் வாழ்வைச் சொல்ல 2007 இல் கம்பளைப் பக்கம் அருங்காட்சியகம் அமைத்தது ஒரு தொண்டு நிறுவனம், அரசு அல்ல.

அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் போன்ற மற்றக் கூத்துகளின் பாட்டுகள் கூத்து மாஸ்டர்மாரின் பழைய கொப்பிகளில் கிடக்கின்றன. பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தர்கள் அவற்றைப் படியெடுக்கும் வேலையை வரும் மாசிக்கு முன்பே தொடங்கலாம்.