மண் ஏற்றுகிறவர் இல்லாத மண் போராட்டம்

எங்கள் பக்கம் ஆற்று மண் அகழ்வுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் என்றால் ஆசிரியர், கழகத்துப் பிள்ளைகள், வயல்காரர், கோயில் நிர்வாகம் எல்லாரும் பதாகையோடு வருவாங்க. ஆற்றுக்குள் நின்று மண் ஏற்றுகிறவர் மட்டும் வரமாட்டார். வந்தாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், டிப்பர் முதலாளியோடு நிற்பார். நம்ம ஆட்களும் அவரைக் கள்ளனைப் போலத்தான் பார்க்கிறாங்க.

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் அப்படி மண் ஏற்றுகிற ஒரு அண்ணரோடு கதைத்தேன். சவள் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போன மனுசன். சுற்றாடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மண் அள்ளுகிற மெஷினான பெக்கோவைத்தான் ஏசினார். "முந்தி ஒரு டிப்பர் நிரப்ப நாலஞ்சு பேர் நிப்பம், ஆளுக்கொரு பங்கு கிடைக்கும். இப்ப பெக்கோ வந்து வாளியால அள்ளிப் போட்டாக் கதை முடிஞ்சுது. எங்களுக்கு என்ன வேல கிடக்கு தம்பி?"

ஆற்றின் அடியைக் கிடங்காக்கி, கரையை இடித்து, பக்கத்துக் கிணற்றை வற்ற வைப்பதில் பெரும் பங்கு அந்த பெக்கோவுக்குத்தான். சவளோடு நிற்பவரால் அவ்வளவு ஆழத்துக்குப் போகவே முடியாது. அப்ப "ஆற்றுக்குள் பெக்கோ இறங்கக் கூடாது" என்பது யாருடைய கோரிக்கை? பதாகை பிடிக்கிறவர், மண் ஏற்றுகிறவர் இரண்டு பேருடையதும்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்ததே இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் சேர்வது நடக்காத காரியம் இல்லை. 1971இல் சிட்னியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டை அழித்து வீடு கட்டப் போனபோது, அந்த ஊர்ப் பெண்கள் 13 பேர் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். ஜாக் மண்டி செயலாளராக இருந்த அந்தச் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்தது. ஒரு மரத்தைத் தொட்டாலும், அதே கம்பனி வேறிடத்தில் கட்டும் கட்டடம் அரைகுறையாகவே நிற்கும் என்றார்கள் தொழிலாளர்கள். காடு இன்றும் இருக்கிறது.

கையால் அள்ளினாலும் அளவு மீறினால் ஆறு தாங்காதுதான். எல்லை வேண்டும். ஆனால் வேலை இல்லாத நாளுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். தொழில் செய்கிறவரைக் கேட்காமல் செய்த 'பசுமை' என்ன ஆனது? 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் யூரியா இல்லாமல் மஞ்சளாய் நின்ற வேளாண்மையைப் பார்த்த அம்பாறை விவசாயியிடம் போய்ச் சுற்றாடல் என்று சொல்லிப் பாருங்கள்!

தொழிற்சங்கம் என்றால் நமக்குத் தோட்டமும் ஆஸ்பத்திரியும் ஆசிரியர்மாரும்தான் ஞாபகம். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதியலாம். மண் ஏற்றுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருந்தால், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் மண் அகழ்வு பெர்மிட் கதை வரும்போது முதலாளியின் குரல் மட்டும் கேட்காது. சுற்றாடல் அமைப்புக்காரர் அடுத்த பதாகைக்கு வைத்திருக்கிற காசை இந்தப் பதிவு வேலைக்குத் தரலாம். படிவம் நிரப்பித் தரக்கூடிய சட்டத்தரணி நண்பர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க, ஆட்களை நான் கூட்டி வாறன்.