அமிட்ரிப்டிலின் தீங்கற்ற தூக்க மாத்திரையா?

‘அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாத்திரை பழக்கமாகாது, பக்கவிளைவு இல்லாதது, எந்த வயதினரும் தாமாகவே இரவில் போட்டுக்கொள்ளலாம்’ என்று பரவிவரும் செய்தியில் ஓர் அரை உண்மை மட்டுமே உள்ளது.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக 1961 முதல் பயன்பாட்டில் உள்ள மருந்து. மூளையில் விழிப்புக்குத் துணைபுரியும் ஹிஸ்டமினின் செயலை அது தடுப்பதால் உறக்கம் வருகிறது. சளி மாத்திரை போட்டால் கண் சொக்குவதும் இதே காரணத்தால்தான். பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மருந்துகள் ஏற்படுத்தும் வகையான அடிமைத்தனம் இதில் இல்லை என்பது சரியே. ஆனால், பக்கவிளைவு இல்லை என்பது தவறு.

நரம்புகள் செய்தி கடத்த உதவும் அசெட்டில்கோலின் என்ற வேதிப்பொருளின் செயலையும் இது தடுப்பதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை ஏற்படலாம். குறுகிய கோண கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கி விழும் நிலையையும் உண்டாக்கக்கூடும் என்பதால், ‘எந்த வயதினரும்’ என்ற சொல்லே இச்செய்தியின் மிக மோசமான பகுதி என்று கருதுகிறேன். அளவு மீறினால் உயிரையே பறிக்கலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்செபினை 3, 6 மில்லிகிராம் அளவுகளில் தூக்கமின்மைக்காக அமெரிக்கா 2010இல் அங்கீகரித்தது. அந்த அனுமதி அமிட்ரிப்டிலினுக்குப் பொருந்தாது. மருத்துவர் சில வேளைகளில் இதைக் குறைந்த அளவில் எழுதித் தருவதுண்டு, குறிப்பாக நரம்பு வலியோடு உறக்கமின்மையும் சேரும்போது. அவ்வாறு நெடுநாள் எடுத்துவருபவர்கள் இவ்விளக்கத்தைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.