செக்யூரிட்டி போலீஸ் அல்லர்

ஞாயிற்றுக்கிழமை நம் டர்பன் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். நான் மறுபடியும் விவரிக்கவில்லை. அவசரப் பிரிவின் வரிசையைப் படம் எடுத்த நம் பையனை வாசல் செக்யூரிட்டிகள் தங்கள் அறையில் இருத்தி, கைப்பேசியைப் பிடுங்கி, காணொளியை அழித்து, பொழுது சாய்ந்தபின் அனுப்பினார்கள். என்னை எழுத வைத்தது அதுகூட அன்று. "ஆஸ்பத்திரிக்குள் அவர்கள்தானே போலீஸ்" என்று நம்மவர் சிலர் அந்தப் பகிர்வுகளின்கீழ் வழங்கியிருக்கும் ஞானம்தான்.

அவர்கள் போலீஸ் அல்லர். வாசலில் நிற்பவர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர். தென்னாப்பிரிக்காவில் தனியார் பாதுகாப்புத் தொழிலுக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர். அந்தப் பதிவு வேலை பார்ப்பதற்கான அனுமதி, யாரையும் அடைத்துவைப்பதற்கானது அன்று. 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 42, கடுமையான குற்றம் செய்பவரைப் பிடிக்கச் சாதாரணக் குடிமகனுக்கும் இடம் தருகிறது. அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

"அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு வளாகப் பொறுப்பாளரின் ஆட்களுக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறதே" என்று சட்டம் படித்த தம்பி ஒருவர் கேட்பார். தருகிறது, தம்பி. அந்த வளாகத்தில் எந்தக் குற்றம் செய்துகொண்டிருந்தாலும் பிடிக்கலாம். ஆனால் படம் எடுக்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் கருதினால் நல்ல விதியும்கூட. அதை மீறியவனை வெளியே போகச் சொல்லலாம். குற்றமே என்று வைத்துக்கொண்டாலும், பிடித்தவனைக் கூடிய விரைவில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கைப்பற்றிய பொருளை உடனே போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். காணொளியை அழிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காட்டுங்கள், படித்துக்கொள்கிறேன்.

பையைச் சோதிப்பது வேறு விஷயம். அதற்கு, பொது வளாகங்களுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் 1985ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நிறவெறி அரசு அவசரநிலை அறிவித்த அதே ஆண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். என் பெரியம்மாவின் பையை ஒருமுறை மேசையில் கொட்டினார்கள். கிளினிக் அட்டை, பிரஷர் மாத்திரை, கைக்குட்டையில் சுற்றிய பல்செட், திருநீற்றுப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, இது என்ன பொடி என்று அத்தனை பேர் முன்னிலையில் அதட்டினார் ஒருவர். பக்கத்தில் நின்ற இன்னொருவர் நம் ஆள், நெற்றியில் பொட்டு வைத்தவர். அது என்னவென்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சோதிக்கச் சட்டம் அனுமதித்தது, சரி. அதட்டவுமா?

செவிலியரை அடிக்கிறார்கள், குண்டர்கள் வார்டு வரை துரத்தி வருகிறார்கள், காவல் வேண்டாமா என்கிறீர்கள். வேண்டும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் அச்சம் எனக்குப் புரியாததன்று. அதற்கும் கைப்பேசி வைத்திருந்த பையனுக்கும் என்ன சம்பந்தம்? சம்பளம் குறைவு, பாவம் என்பவர்களுக்கு, அதை நிறுவனத்திடம் கேளுங்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. 2025இல் ஆடிங்டன் உள்ளிட்ட மருத்துவமனை வாசல்களில் வெளிநாட்டவருக்கு எதிரான ஒரு கூட்டம் நின்றுகொண்டு, தென்னாப்பிரிக்க அடையாள அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியபோது இங்கே எத்தனை கைதட்டல்! அந்தக் கூட்டத்திடம் சீருடைகூட இல்லை. காவல் அதிகாரியும் குடிவரவு அதிகாரியும் தவிர வேறு யாரும் அடையாள ஆவணம் கேட்க முடியாது என்று அந்த நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 27(3)ஆம் பிரிவு, வாசலில் நிற்பவருக்கு விலக்கு அளிக்கவில்லை. இதே டர்பனில் டயாலிசிஸ் மறுக்கப்பட்ட தியாகராஜ் சுப்ரமணி அந்தப் பிரிவை நம்பி 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். தோற்றாலும், அவருக்கு நீதிபதிகள் காரணம் எழுதினார்கள். அந்த வாசலில் திரும்பியவர்களுக்கு யார் எழுதினார்கள்? அன்று கைதட்டியவர்களே இன்று "நம் பையனுக்கு இப்படியா" என்று பொங்குவதைப் பார்க்கிறேன்.

"டீச்சருக்கு வம்பு வளர்ப்பதே வேலை" என்று எழுதிய மாமாவுக்கு: ஆமாம் மாமா, ஓய்வு பெற்றபின் வேறு என்ன வேலை? பையனின் அம்மா புகார் கொடுக்கத் தயங்குகிறார், ஏனென்றால் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க அதே வாசலில்தான் அவர் நிற்க வேண்டும். காவல் நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்த வரிசையில் இருந்தவர்கள் யாராவது சாட்சி சொல்ல முன்வந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.