கம்ப்யூட்டர் ரோமில் (ROM) எழுதியதையும் மாற்றலாம்
கம்ப்யூட்டரின் ரோம், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகம் பற்றிய இந்தக் கட்டுரையில் 'ரோமில் எழுதியதை மாற்றவே முடியாது' என்று இருக்கிறது. தயாரிக்கும்போதே தகவலைப் பதித்துவிடுகிற மாஸ்க் ரோமுக்கு அது சரி. இன்றைய மதர்போர்டில் பயாஸ் (BIOS, கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இருப்பது ஃபிளாஷ் சிப்பில், அதை அழித்து எழுதலாம். தர்மபுரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயாஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. ராம் (RAM) மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டும் பார்த்தேன், பலனில்லை. பயாஸ் இருக்கும் அந்த எட்டுக் கால் சிப்பில் கிளிப்பை மாட்டி, புரோகிராமர் என்கிற சிப்பில் எழுதும் கருவியை வைத்து பயாஸை மறுபடி ஏற்றினதும் உயிர் வந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கிற கட்டுரை, அந்த வரியைத் திருத்திவிடுங்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் கம்ப்யூட்டரில் தேதி, நேரம் மாறுவதற்கும் ரோம்தான் காரணம் என்கிறார். அது பெரும்பாலும் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோவதால் வருவது.