36 வெற்றி, 1 தோல்வி, 28 வயது

என் தங்கை மகனுக்கு வயது 22. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறிய குத்துச்சண்டைக் கூடத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறான். எடை 57 கிலோவை ஒட்டி நிற்பதால் ஃபெதர்வெயிட் பிரிவில்தான் தொழில்முறைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சென்ற வாரம் அவனும் அவனுடைய கூட்டாளிகளும் நானும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு அதே பிரிவின் முன்னாள் உலகச் சாம்பியன் நசீம் ஹமெட் பக்கம் திரும்பியது. "மாமா, அவர் ஒரே ஒரு அடி வாங்கினார், அதோடு ஓடிப்போய்விட்டார்" என்று கூட்டாளிகளில் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஆனால் அந்த இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹமெட் 1974இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஏமனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை வின்கோபேங்க் பகுதியில் மளிகைக் கடை நடத்தினார். அதே பகுதியில் பிரெண்டன் இங்கிள் என்ற அயர்லாந்துக்காரர் பழைய தேவாலயக் கூடமொன்றில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். இங்கிள் தரையில் கோடுகள் வரைந்து வைத்து, அவற்றின் மேல் பிள்ளைகளை நடக்கவிட்டுக் கால் அசைவைப் பழக்குவாராம். ஏழு வயதில் அங்கே நுழைந்த சிறுவன், கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து அடியிலிருந்து தப்பி, யாரும் எதிர்பாராத கோணத்திலிருந்து குத்துகின்ற வினோதமான ஆட்டக்காரனாக வளர்ந்தான் என்றால், அந்தக் கோடுகளுக்கும் அதில் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1995 செப்டம்பரில், 21 வயதில், கார்டிஃப் நகரில் ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது சுற்றில் நிறுத்தி டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார். அதை 15 முறை காத்தார். வழியில் வேறு இரு அமைப்புகளின் உலகப் பட்டங்களையும் வென்றார்: டாம் ஜான்சனிடமிருந்து ஐ.பி.எஃப். பட்டத்தையும் சேசர் சோட்டோவிடமிருந்து டபிள்யூ.பி.சி. பட்டத்தையும் எடுத்தார். 1997 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கெவின் கெல்லியோடு அவர் ஆடிய சண்டையை, எங்கள் கூடத்து நண்பன் பதிவு செய்து வைத்திருந்த வீடியோ நாடாவில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான்கு சுற்றுகளுக்குள் இருவரும் ஆளுக்கு மூன்று முறை விழுந்தார்கள். கடைசியாக எழ முடியாமல் போனவர் கெல்லி. ஹமெட்டின் வாய்வீச்சும் சிறுத்தைத் தோல் கால்சட்டையும் கயிற்றின் மேல் குட்டிக்கரணம் அடித்து மேடைக்குள் குதிப்பதும் அப்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத்தான் தந்தன. ஆனால் விழுந்து எழுந்து, மீண்டும் விழுந்து எழுந்து, கடைசியில் அடித்து முடித்த ஒருவரை யாராவது கோழை என்று சொல்லும்போது, சொல்பவர் அந்த நாடாவைப் பார்த்ததில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அவருடைய பெரிய பிழை 2001இல் கண்ட அந்த ஒரே தோல்வியல்ல, 1998இல் நடந்தது. தன்னை ஏழு வயதிலிருந்து வளர்த்த இங்கிளை விட்டு அந்த ஆண்டு பிரிந்தார். பணம், பெயர், கௌரவம் எல்லாம் அதில் கலந்திருந்தன. யார் பக்கம் நியாயம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஹமெட் ஒற்றைக் குத்தை நம்பி நின்றுவிட்டார் என்பதை யாரும் பார்க்கலாம். கால்கள் மெதுவாயின, கோணங்கள் குறைந்தன. 2000 ஆகஸ்டில் ஆகி சான்செஸை வீழ்த்திய சண்டையில் தன் கையையும் முறித்துக்கொண்டார். இங்கிள் 2018இல் காலமானார். அதுவரை இருவரும் சேரவேயில்லை.

அதனால் 2001 ஏப்ரல் 7 அன்று லாஸ் வேகாஸில் மார்கோ அந்தோனியோ பரேரா அவரை 12 சுற்றுகளும் பொறுமையாக, ஜேப் என்ற நேர்க்குத்தாலும் ஹூக் என்ற இடது கை வளைவுக் குத்தாலும் அளந்து அளந்து அடித்து வென்றது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தயம் கட்டியவர்கள் ஹமெட்டின் பக்கம் நின்றார்கள். மேடையில் எல்லாம் தலைகீழாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் லண்டனில் மானுவல் கால்வோவோடு 12 சுற்றுகள் மந்தமாக ஆடிப் புள்ளிகளில் வென்றார். கூட்டம் அதிருப்தியில் கூச்சலிட்டது. அதன்பின் அவர் மேடை ஏறவேயில்லை. 37 சண்டைகள், 36 வெற்றிகள், அவற்றில் 31 நாக்அவுட். வயது 28.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஃபெதர்வெயிட் என்பது 126 பவுண்டு, அதாவது 57 கிலோவுக்குச் சற்று மேல். எடை பார்க்கும் நாளில் அதற்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, இயல்பில் அதைவிட அதிகமாக இருக்கும் உடலைப் பட்டினி போட்டுத் தண்ணீரையும் வற்றவைக்கிறார்கள். நான் 19 வயதில் அமெச்சூர் போட்டி ஒன்றுக்காக நான்கு கிலோ குறைக்க, குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் துளையிட்டு மாட்டிக்கொண்டு தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடினேன். எடை சரியாக வந்தது, மறுநாள் இரண்டாவது சுற்றில் என் கால்கள் என்னுடையவையாக இல்லை. நீர் வற்றிய உடலில் தலைக்கு விழும் அடி எவ்வளவு ஆபத்தானது என்று மருத்துவர்கள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். இதை ஆண்டுக்கு மூன்று முறை, பத்து ஆண்டுகள் செய்கிறவரிடம் "இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாமே" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது மிக எளிது.

இதே பிரிவின் பழைய பெயர்களைப் பாருங்கள். டேவி மோர் 1963 மார்ச் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ராமோஸிடம் பட்டத்தை இழந்தார். விழுந்தபோது கழுத்தின் பின்புறம் கீழ்க்கயிற்றில் மோதியது, நான்கு நாளில் இறந்தார், வயது 29. வில்லி பெப் 241 சண்டைகள் ஆடி 229இல் வென்ற மேதை. ஒருமுறை ஓய்வுபெற்றும் பொறுக்காமல் திரும்பி வந்து 1966 வரை ஆடினார், கடைசிக் காலத்தில் மறதி நோய் அவரை மூடிக்கொண்டது. இவர்களை வைத்துப் பார்க்கும்போது, மனம் மேடையை விட்டு இறங்கிவிட்டது என்று தெரிந்த உடனே உடலையும் இறக்கிக்கொண்ட ஒருவரை ஓடிப்போனவர் என்று என்னால் சொல்ல முடியாது.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. ஹுவான் மானுவல் மார்க்கேஸ், சாம்பியன் அடுத்து சந்தித்தே ஆக வேண்டிய கட்டாயப் போட்டியாளராகப் பல மாதங்கள் காத்திருந்தும் அந்தச் சண்டை நடக்கவேயில்லை. அந்தக் குறை அவர் பெயரோடு நிற்கும். ஓய்வுக்குப் பிறகு 2005இல் அவர் ஓட்டிய கார் மோதி ஒருவர் படுகாயமடைந்தார், அதற்காக 2006இல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார், எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதும் பறிக்கப்பட்டது. அவையெல்லாம் அவருடைய குற்றங்கள்தாம். 28 வயதில் நிறுத்தியதை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

2018 ஜூலையில் புக்கிட் ஜாலிலில் பிலிப்பீன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவ் லூக்காஸ் மத்தீஸை ஏழாவது சுற்றில் நிறுத்தியபோது என் தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 39 வயதிலும் வெல்லலாம் என்று அன்றிரவு அவன் மனத்தில் பதிந்துவிட்டது. பக்கியாவைப் போல எத்தனை பேர் என்று நான் கேட்டதற்கு இதுவரை பதில் வரவில்லை. இப்போது ஹமெட்டின் சண்டைகளைத் தேடி அனுப்பச் சொல்கிறான். ராபின்சனிலிருந்து தொடங்கி வரிசையாக அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்றிரவு கால்வோ சண்டையை மட்டும் அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு சுற்றையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசு என்று.