அறுபத்திமூணு தப்படி

சிங்கப்பூர்ல எங்க புக்கிட் பாஞ்சாங் ஏரியா வாட்ஸப் குரூப்ல நேத்து ராத்திரி மறுபடியும் அதே பஞ்சாயத்து. காலைல எல்ஆர்டி, அதான் எங்க ஏரியா குட்டி ரயில், கொஞ்ச நேரம் நின்னுடுச்சு போல, ஒருத்தர் ஆரம்பிச்சார், இந்த பொம்ம ரயில இடிச்சுத் தள்ளிட்டு பேசாம பஸ்ஸ விடுங்கப்பான்னு, அவ்ளோதான், வரிசையா கட்டைவிரலா வந்து விழுது. நான் அங்க வாயத் தொறக்கல, தொறந்தா ராத்தூக்கம் போயிடும். அதான் இங்க வந்து கொட்டுறேன். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

சிங்கப்பூர் வந்துட்டு போன நம்மாளுங்களுக்கு எம்ஆர்டி, அதான் பெரிய மெட்ரோ ரயில், தெரியும், தேக்கா தெரியும், செந்தோசா தெரியும். எல்ஆர்டிய பார்த்திருக்க மாட்டாங்க, ஏன்னா அது ஊருக்குப் போற ரயில் இல்ல, வீட்டுக்குப் போற ரயில். எம்ஆர்டில வந்து இறங்கினதும் அங்கேருந்து அடுக்குமாடி ப்ளாக்குங்களுக்கு நடுவுல நம்மள கொண்டு போய் விட்டுட்டு வர்ற சின்ன வண்டி. டிரைவர் கெடையாது. ஒரு பெட்டி, கூட்ட நேரத்துல ரெண்டு பெட்டி. எங்க லைன் சுவா சூ காங்ல தொடங்கி புக்கிட் பாஞ்சாங் வந்து, அங்கேருந்து ஒரு வளையமா சுத்திட்டு திரும்பப் போகும். எல்லாம் சேர்த்து எட்டு கிலோமீட்டர் கூட தேறாது. 1999 நவம்பர்ல ஓட ஆரம்பிச்சது, நாட்டுலயே முதல் எல்ஆர்டி இதுதான்.

பிரச்சனையும் அங்கதான் ஆரம்பம். வீட்டக் கட்டி குடி வந்த பிறகு கெணறு தோண்டின கதை. புக்கிட் பாஞ்சாங்ல ப்ளாக் எல்லாம் ஏற்கனவே எழும்பி, ரோடு எல்லாம் போட்டு, ஜனம் குடி வந்து வருஷக்கணக்கான பிறகு ரயில நுழைச்சாங்க. எடம் எங்க இருக்கும்? ரோட்டு நடுவுல தூண நட்டு, ரெண்டு ப்ளாக்குக்கு நடுவுல கெடச்ச சந்துல வளைச்சு, மேட்டுல ஏத்தி பள்ளத்துல இறக்கி ஒரு வழியா முடிச்சிருக்காங்க. புக்கிட் பாஞ்சாங்னாலே மலாய்ல நீளமான குன்றுன்னுதான் அர்த்தம், அப்ப மேடு பள்ளத்துக்கு கேக்கவா வேணும். இதுல ஓடுற வண்டியோ விமான நிலையத்துல ஒரு டெர்மினல்லேருந்து இன்னொரு டெர்மினலுக்கு ஆளக் கொண்டு போற வகை, ரப்பர் டயர், நடுவுல பிடிச்சிட்டுப் போக ஒரு கம்பி. சமதரையில ஓட வேண்டியத கொண்டாந்து குன்றுல ஓட விட்டா அது குலுங்காம என்ன பண்ணும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லுவாங்க, இங்க நெஜமாவே கூடம்தான் கோணல். போக்குவரத்து அமைச்சரா இருந்த காவ் பூன் வானே இத ஒத்துக்கிட்டார், அரசியல் நெருக்கடியில பின்னாடி யோசிச்சு சேர்த்ததுன்னு வெளிப்படையா சொன்னார். எடுத்துட்டு பஸ்ஸே விட்டா என்னங்கிற யோசனையும் அப்ப இருந்துச்சு. கடைசியில 2018-ல 344 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரத்தான் இங்க வெள்ளிம்போம்) ஒப்பந்தம் போட்டு, இருந்த 32 பெட்டியில 19-ஐ புதுசா மாத்துறது, மிச்சத்த சரி பண்றது, சிக்னல அடியோட மாத்துறதுன்னு முடிவாச்சு. புது வண்டிங்க 2024-லேருந்து ஓடுது. முன்ன மாதிரி தூக்கிப் போடல, உண்மையச் சொல்லணும்.

நான் இருக்கிறது பெண்டிங் ஸ்டேஷன் பக்கம். சிரிக்காதீங்க. நம்ம ஆஃபீஸ் பெண்டிங் இல்ல, மலாய்ல இடுப்புப் பட்டையில போடுற அலங்காரக் கொக்கிக்கு அப்படிப் பேராம். இத எனக்கு சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்ல வயசான அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. எழுபது தாண்டினவங்க, தெனமும் ஒரு டிராலி பைய இழுத்துட்டு மார்க்கெட்டுக்குப் போறவங்க. இந்த வளையத்துல இருக்கிற ஸ்டேஷன் பேருக்கெல்லாம் அவங்கதான் எனக்கு கோனார் நோட்ஸ். பெத்திர்னா இடி. பங்கிட்னா எழுந்திரி. ஃபஜார்னா விடியல். செகார்னா புத்துணர்ச்சி. செஞ்சான்னா அந்தி. யோசிச்சுப் பாருங்க, விடியல்ல ஏறினா மூணாவது ஸ்டாப்புல அந்தி வந்துடும், நடுவுல பத்து நிமிஷம் கூட ஆகாது. பேரு வச்சவங்க யாரோ நல்ல ரசிகரா இருந்திருக்கணும்.

போன வருஷம் அம்மா மாயவரத்துலேருந்து வந்து மூணு மாசம் இருந்தாங்க. முதல் நாள் எல்ஆர்டில கூட்டிட்டுப் போறேன், ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு வந்தவங்க திடீர்னு என் கையப் பிடிச்சிட்டாங்க. "டேய், கண்ணு மங்கலா போவுதுடா, காலைல பிரஷர் மாத்திர போட்டேனான்னு ஞாபகம் இல்ல"ங்கறாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் ஜன்னலப் பார்த்தேன். விஷயம் என்னன்னா, ரயில் சில ப்ளாக்குங்கள உரசுற மாதிரி போகும், உள்ள இருக்கிறவங்க வீட்டு ஹால் நமக்கு அப்படியே தெரியும், அதனால அந்த எடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி தானா பால் மாதிரி வெளுத்துடும். தாண்டினதும் தெளிஞ்சிடும். இத சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கண்ணாடிக்கு இருக்கிற நாகரிகம் நம்ம தெருவுல யாருக்கு இருக்கு"ன்னாங்க.

அம்மாவும் மக்சிக்கும் ஒரே வாரத்துல தோஸ்த் ஆயிட்டாங்க. என்ன பாஷையில பேசிக்கிட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மலாய்ல கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால், நம்ம ஊர்லேருந்து போன வார்த்தைங்கதான், அந்த ரெண்டு மூணு வார்த்தைய வச்சே ஓட்டினாங்க. காலைல ரெண்டு பேரும் "கடை" "கெடாய்"னு சொல்லிட்டு கெளம்பிடுவாங்க.

இப்ப மேட்டருக்கு வர்றேன். அம்மா இங்க இருந்த அந்த மூணு மாசத்துல ரயிலப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. குலுங்குதுன்னு சொல்லல, மெதுவா போகுதுன்னு சொல்லல. மாயவரத்துல மினி பஸ்ல தொங்கிட்டுப் போனவங்களுக்கு இதெல்லாம் ஒரு குலுக்கலா. அவங்க சொன்ன ஒரே குறை, ஸ்டேஷன்லேருந்து வர்ற கூரை போட்ட நடைபாதை எங்க ப்ளாக்குக்கு கொஞ்சம் முன்னாடியே நின்னு போகுது. அதுக்கப்புறம் கார் பார்க் வழி, ஒரு சின்ன சரிவு, அதத் தாண்டினாதான் எங்க ப்ளாக்கோட வாய்ட் டெக், அதான் ப்ளாக்குக்கு கீழ இருக்கிற திறந்த தரைத்தளம். அந்த மொட்டை வெளிய அம்மா ஒரு நாள் எண்ணியே பார்த்துட்டாங்க. "சரியா அறுபத்திமூணு தப்படி, நாயன்மார் கணக்கு"ன்னாங்க.

சிங்கப்பூர் மழை தெரியாதவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்னு தோணும். இங்க மழை நம்ம ஊர் மாதிரி சீசன் பார்த்து வராது, நல்லா வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே பத்து நிமிஷத்துல கறுத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டும், குடை எல்லாம் சும்மா பேருக்குத்தான். இளவட்டம் பைய தலையில வச்சிட்டு ஓடிடும். முட்டி வலி இருக்கிறவங்க? ஒரு கையில டிராலி, இன்னொரு கையில குடை, கீழ சறுக்குற டைல்ஸ்.

அரசாங்கம் இதெல்லாம் யோசிக்காம இல்ல. வாக் டு ரைடுன்னு 2013-ல ஒரு திட்டம் அறிவிச்சு, ரயில் பஸ் ஸ்டேஷன்கள சுத்தி 200 கிலோமீட்டருக்கு மேல கூரை நடைபாதை போட்டாங்க, 2018 வாக்குல முடிச்சாங்க. உலகத்துல எத்தன ஊர்ல இத செய்வாங்க, கண்டிப்பா பாராட்டணும். ஆனா அதுல ஒரு கணக்கு இருக்கு, அதுதான் என் நெஞ்சுல முள்ளா குத்துது. எம்ஆர்டி ஸ்டேஷன்னா சுத்தி 400 மீட்டர் வரைக்கும் கூரை. எல்ஆர்டி ஸ்டேஷன்னா 200 மீட்டர்.

ஏன் பாதி? எனக்குப் புரியுது, எம்ஆர்டில கூட்டம் பல மடங்கு, தூரத்துலேருந்தும் நடந்து வருவாங்க, எல்ஆர்டி ஸ்டேஷன் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட இருக்கும், அதனால 200 போதும்னு கணக்குப் போட்டிருப்பாங்க. காகிதத்துல சரிதான். ஆனா யாரு நடக்கிறாங்கன்னு பார்த்தீங்களா? எம்ஆர்டிக்கு 400 மீட்டர் நடக்கிறதுல பாதிப்பேர் என்ன மாதிரி லேப்டாப் பை மாட்டினவன். காலைல பத்து மணிக்கு எல்ஆர்டில ஏறிப் பாருங்க, மார்க்கெட் டிராலி, கைத்தடி, வீல்சேர், பாலிகிளினிக்னு சொல்ற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, பேரப்பிள்ளைய ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டு வர்ற தாத்தா. நடக்க முடிஞ்சவனுக்கு 400, நடக்கவே கஷ்டப்படுறவங்களுக்கு 200. இது எனக்கு தலைகீழா தெரியுது.

பஸ்ஸுக்கு நான் எதிரி இல்லீங்க. ஃபீடர் பஸ் இங்க அருமையா ஓடுது, சில நேரம் ரயில விட வேகமாவே போகும். ஆனா ரயில இடிச்சா மட்டும் அந்த அறுபத்திமூணு தப்படி எங்க போகும்? பஸ் ஸ்டாப்புக்கும் நடந்துதானே ஆகணும். வேகம் வேகம்னு பேசுறாங்க, ரெண்டு ஸ்டாப்புக்கு என்னங்க வேகம்.

ஸ்டேஷன் பொழைக்கிறதும் சாகிறதும் அத சுத்தி இருக்கிற காலுங்களாலதான். இதே லைன்ல டென் மைல் ஜங்ஷன்னு ஒண்ணு இருந்துச்சு, டவுன்லேருந்து பத்தாவது மைல்ங்கிற பழைய பேரு, ஒரு ஷாப்பிங் மாலுக்குள்ளயே ஸ்டேஷன், முழு ஏசி. ஏற ஆள் இல்லாம 2019 ஜனவரில நிரந்தரமா மூடிட்டாங்க. சிங்கப்பூர்ல ஒரு ரயில் நிலையத்த ஒரேயடியா மூடினது அதுதான் முதல் தடவ. அந்தப் பக்கம் பொங்கோல்ங்கிற இன்னொரு டவுன்ல நேர் எதிர்க் கதை, அங்க ரயில் முதல்ல, ஊர் அப்புறம். அங்க எல்ஆர்டியோட மேற்கு வளையம் 2014-ல திறந்தப்பவும் சில ஸ்டேஷன்கள திறக்கல, அதுல ஒண்ணு தெக் லீ, சுத்தி ஆளே இல்ல, ரயில் தெனமும் நிக்காம தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. ஆளுங்க வந்த பிறகு 2024 ஆகஸ்ட்லதான் தெக் லீ கதவத் தொறந்தாங்க. புக்கிட் பாஞ்சாங் ரொம்ப லேட், பொங்கோல் ரொம்ப சீக்கிரம். சரியான நேரத்துக்கு ரயில் போட்ட ஊர் எதுவும் இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆனா லேட்டா வந்ததுல எங்களுக்கு ஒரு லாபம் இருக்கு, இத குரூப்ல சொன்னா அடிக்க வருவாங்க. சந்துல நுழைச்சதாலதான் ஸ்டேஷன் வீட்டு வாசல்ல இருக்கு. ஒழுங்கா பிளான் பண்ணி, அகலமான ரோட்டு ஓரமா, பூங்காவெல்லாம் தாண்டி வச்சிருந்தாங்கன்னா குலுங்காம ஜம்முனு போயிருக்கும், நாங்கதான் அதப் பிடிக்க அரை கிலோமீட்டர் நடந்திருப்போம். ரோட்டோரமா மூணாவது நாலாவது மாடியில இருக்கிறவங்களுக்கு சத்தம் கஷ்டம்தான், அத நான் இல்லேங்கல. எங்க வீடு பதினொண்ணாவது மாடி, எனக்கு அது தாலாட்டு மாதிரி, அதனால இந்த விஷயத்துல என் பேச்ச ரொம்ப நம்பாதீங்க.

344 மில்லியன் ரயிலுக்கு. நான் கேக்கிறது எட்டுப் பத்து இரும்புத் தூண், மேல ஒரு தகரக் கூரை. கேட்டும் பார்த்தாச்சு. கார் பார்க் வழி குறுக்க வருது, தீயணைப்பு வண்டி போக உயரம் வேணும், பரிசீலனைல இருக்குன்னு மரியாதையா ஒரு மெயில் வந்துச்சு. வீடு பெண்டிங்ல, கூரையும் பெண்டிங்ல.

அம்மா ஊருக்குக் கெளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி. நான் அன்னிக்கு வீட்டுலேருந்து வேலை, மழை பிடிச்சிட்டு ஊத்துது, இவங்கள இன்னும் காணோமேன்னு குடையோட கீழ இறங்கிப் போனேன். கூரை முடியிற எடத்துல ஒரு பத்துப் பேர் கும்பலா நிக்கிறாங்க. அம்மா, மக்சிக், அவங்க டிராலி, வாக்கர் வச்ச ஒரு சீனத் தாத்தா, ஸ்ட்ரோலர்ல ஒரு குழந்தை, யூனிஃபார்ம்ல ரெண்டு பசங்க. எதிர்ல வீடு தெரியுது, எங்க வீட்டு துணி காயிற மூங்கில் கூட தெரியுது. பசங்க ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பார்த்துட்டு ஓடிட்டாங்க. மத்தவங்க நின்னாங்க. என் கையில இருந்தது ஒரே ஒரு குடை, அத யாருக்குன்னு பிடிக்கிறது, நானும் போய் கூட நின்னுட்டேன். அம்மா முந்தானையால மக்சிக் டிராலியில இருந்த ரொட்டிய மூடிட்டு இருந்தாங்க. மழை விட இருபது நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள மேல நாலு ரயில் போச்சு. ஒண்ணும் லேட் இல்ல.